உப்புப் பார்க்க நாலு மாடி

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி சமைப்பதென்று முடிவெடுத்தது அம்மா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்றைக்கு நடந்த எல்லாவற்றுக்கும் பழி என் தலையில்தான் விழுந்தது.

வெள்ளிக்கிழமையில் முட்டைப் பெட்டியோடு வந்தால், அதை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே வா என்கிற மனுஷி அவர். அவருக்கு இந்த யோசனை வந்ததற்குக் காரணம் அக்கா. அக்கா சென் தெனியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். அங்கேயே வேலை செய்கிற ஹங்கேரிக்காரன் ஒருவனை விரும்புகிறாள். இது நாங்கள் இருக்கிற லா ஷப்பல் தமிழ்க் கடைத்தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். மெட்ரோ வாசலில் இரண்டு பேரும் நின்று கதைப்பதைச் சேலைக்கடைக்காரரிலிருந்து மரக்கறிக்கடைக்காரர் வரை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அப்பாவே ஒருநாள் பார்த்துவிட்டு ரோட்டைக் கடந்து மற்றப் பக்கத்தால் போயிருக்கிறார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சட்டம் அப்படி. வெளியில் நடப்பது வெளியில். நான் ஸ்டாலின்கிராட் மெட்ரோ வாசலில் நின்று மாட்டிறைச்சி பர்கர் தின்பேன். அம்மா, சீனி தொடவே கூடாதென்று டொக்டர் சொன்ன பிறகும், பலகாரக்கடை வாசலில் நின்று லட்டுச் சாப்பிடுவார். அப்பா சிநேகிதர்களோடு பியர் குடிப்பார். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டு வந்தால் சரி.

படித்தவள் அக்காதான். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ஆனால் இந்தச் சின்னச் சட்டம் அவளுக்கு விளங்கவில்லை. ஒருநாள் இரவு எல்லோரும் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவனைத்தான் கலியாணம் செய்யப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள். அதையும் சுத்தத் தமிழில் சொன்னாள். பிரெஞ்சில் சொல்லியிருந்தால் அப்பா விளங்காத மாதிரி இருந்திருப்பார், நாங்களும் புட்டை முடித்திருப்போம்.

அன்றிலிருந்து அப்பா அவளோடு பேசுவதில்லை. நிம்மதியாகப் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. என்னை நடுவில் வைத்துப் பேசுவார்.

"கொக்காட்டைச் சொல்லு, போகேக்கை கதவைப் பூட்டிப்போட்டுப் போகட்டாம்."

அக்கா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நிற்பாள். நான் திரும்பி, "அக்கா, நீ இண்டைக்கு நல்ல வடிவா இருக்கிறியாம், அப்பா சொல்லுறார்" என்பேன். அப்பா என்னை முறைப்பார். பிறகு அதே செய்தியை இன்னொருமுறை, இந்தமுறை சத்தமாக, என்னிடமே சொல்வார். மாதக்கணக்கில் இது என் வேலை. சம்பளமும் இல்லை, லீவும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெடியனின் தாய் ஹங்கேரியிலிருந்து மகனைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. அக்கா அம்மாவிடம் நேராகச் சொன்னாள். அந்த அம்மாவைக் கூப்பிட்டு ஒருநேரம் சாப்பாடு கொடுங்கள், அப்பாவும் அந்த மேசையில் இருக்கவேண்டும், இல்லையென்றால் நான் அன்றைக்கே உடுப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. பையைக் கட்டி, வாசலில் சப்பாத்துக் கழற்றி வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில் வைத்தும்விட்டாள். அம்மா ஒரு பின்னேரம் முழுக்க அழுதார். அழுகை முடிந்ததும் என்ன சமைப்பதென்று யோசிக்கத் தொடங்கினார்.

பிழை அங்கேதான். வருகிறவருக்கு விருப்பமான சாப்பாடு என்னவென்று அக்காவைக் கேட்கச் சொன்னார். கேட்டிருக்கவே கூடாது. பதில் வந்தது: கூலாஷ். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுக் கொதிக்க வைக்கிற சாமான். கோழி போட்டுச் செய்வோம், கோழியும் இறைச்சிதானே என்று நான் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோழிக்கே வெட்கம் வந்திருக்கும். கேட்டுவிட்டுச் செய்யாமல் விட்டால், கேட்காமல் விட்டதைவிட அது பெரிய மரியாதைக்கேடு என்றார். அந்த மனுஷி ஊருக்குப் போய், கேட்டார்கள், ஆனால் தரவில்லை என்று சொல்லுமாம். ஹங்கேரியில் எங்கள் மானம் போய்விடுமாம். ஹங்கேரி எங்கே இருக்கிறதென்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

யார் சமைப்பது என்று யாரும் கேட்கவே இல்லை. நான் வேலை செய்வது ரெஸ்டோரன்டில். அங்கே கோப்பை கழுவுகிறேன், உருளைக்கிழங்குத் தோல் சீவுகிறேன். அம்மா கோயிலில் காண்கிற ஆட்களிடமெல்லாம் அதை ஷெஃப் என்று சொல்லிவைத்திருக்கிறார். அந்தப் பொய்க்கு அன்றைக்கு நான்தான் கூலி கொடுத்தேன்.

அம்மாவின் நிபந்தனைகள் ஒரு நாட்டின் எல்லைச் சட்டம் போல இருந்தன. புதுச் சட்டி. புது அகப்பை. அடுப்பில் ஒரு பக்கம் மட்டும் பாவிக்கலாம், மற்றப் பக்கத்தை அலுமினியத் தாளால் மூடவேண்டும். குசினித் தட்டில் இருந்த சாமிப் படங்களெல்லாம் அறைக்குப் போய்விட்டன. யன்னல் திறந்தே இருக்கவேண்டும். மாசி மாதத்துக் குளிரில் நான் ஜாக்கெட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு வெங்காயம் வெட்டினேன். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நிபந்தனை. சமைக்கலாம், ஆனால் வீட்டுக்குள் வைத்து யாரும் வாயில் வைக்கக்கூடாது.

நான் அகப்பையைக் கீழே வைத்தேன். உப்புப் பார்க்காமல் எப்படிச் சமைப்பது என்று கேட்டேன்.

"நீ வெளியிலை திண்டுகொண்டு திரியிறனிதானே. கீழை போய் றோட்டிலை நிண்டு பாத்திட்டு வா."

வீடு நாலாம் மாடியில். லிப்ட் பழுது என்று ஒட்டிய தாளே பழசாகி, அதன் மேல் யாரோ படம் கீறியிருந்தார்கள். அம்மா பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பகிடி விடுகிற ஆள் இல்லை.

அப்பாவுக்கு விஷயம் அன்று காலையில்தான் தெரியும். குசினி வாசலுக்கு வந்து, தொப்பியோடு நிற்கிற என்னையும், வெறுமையாக இருந்த சாமித் தட்டையும் பார்த்தார். அம்மா அவருக்குப் பக்கத்தில்தான் நின்றார்.

"கொம்மாட்டைச் சொல்லு, நான் வெளியிலை போறன்" என்றார்.

பட்டியலில் அம்மாவும் சேர்ந்துவிட்டார். கதவு சாத்திய சத்தம் கேட்டது. அறைக்குள்ளிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள், கண் சிவந்திருந்தது. அவர் திரும்பி வராவிட்டால் அவள் பையைத் தூக்குவாள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் வெங்காயம் கருகத் தொடங்கியிருந்ததால் நான் அதைப் பார்க்க வேண்டியிருந்தது.

சமையல் குறிப்பு, பெடியன் போனில் அனுப்பிய குரல் செய்தி. தாய் ஹங்கேரி மொழியில் சொல்லச் சொல்ல அவன் பிரெஞ்சில் சொல்லியிருந்தான். வெங்காயத்தை நிறையப் போட்டு வதக்கவேண்டும். பிறகு சட்டியை அடுப்பிலிருந்து இறக்கவேண்டும். இறக்கிய பிறகுதான் பாப்ரிக்கா என்கிற அவர்களுடைய மிளகாய்த்தூளைப் போடவேண்டும், சூட்டில் போட்டால் கைத்துப்போகும். அந்தத் தாயே கொடுத்துவிட்ட பாப்ரிக்கா பை ஒன்று அக்காவிடம் இருந்தது. நல்ல சிவப்பு, மணந்து பார்த்தால் உறைப்பே இல்லை.

அம்மா குசினிக்குள் வரவில்லை. வாசல்படியில் நின்று, சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு, அங்கிருந்தே சமைத்தார். நான் சட்டியை இறக்கப் போனேன். எண்ணெய் கொதிக்காமல் தூள் போட்டால் பச்சை மணம் அடிக்கும் என்று கத்தினார். ஒரு காதில் பெடியன், இறக்கு என்கிறான். மற்றக் காதில் அம்மா, இறக்காதே என்கிறார். பிறந்ததிலிருந்து கொதிக்கிற எண்ணெயில் தூள் விழுகிற சத்தத்தைக் கேட்டு வளர்ந்த கை இது. அது யாரையும் கேட்காமல் கொட்டிவிட்டது. தூள் கண்ணுக்கு முன்னால் கறுப்பாகியது. மூக்கில் ஏறிய புகையில் நானும் அம்மாவும் சேர்ந்து இருமினோம்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மறுபடி வெங்காயம் வெட்டினேன். எங்கள் நாட்டுத் தூள் என்றால் கருகியிருக்காது, இது தரமில்லாத தூள் என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். பையில் பாதிதான் மிச்சம் இருந்ததால், குறைகிற அளவுக்கு வறுத்த கறித்தூள் இரண்டு கரண்டி போடச் சொன்னார். நான் கறித்தூள் போத்தலை ஜாக்கெட்டுக்குள் ஒளித்தேன். இறைச்சியைப் போட்டு, தண்ணீர் விட்டு, மூடாமல் கொதிக்க விட்டு, ஒரு நிமிடம் கழிப்பறைக்குப் போய்வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் கறிவேப்பிலை மிதக்கிறது. குசினிக்குள் கால் வைக்கமாட்டேன் என்றவர், வாசலிலிருந்து எறிந்திருக்கிறார். ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தேன். தான் எறியவில்லை என்று அவர் மறுத்துக்கொண்டிருந்தபோது, அவர் கையில் காம்பு இருந்தது.

பிறகு உப்பு. ஒரு எவர்சில்வர் பேணியில் கொஞ்சம் குழம்பை ஊற்றி, கரண்டியோடு நாலு மாடி இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது. புறநகர்க் கார்ஜிலிருந்தும் வேறு எங்கிருந்தெல்லாமோ குடும்பம் குடும்பமாக வந்து மரக்கறி வாங்குவார்கள். அதற்கு நடுவில் தொப்பியும் பேணியுமாக நின்று நக்கிப் பார்த்தேன். உப்பு என்ற சாமானே இல்லை. போன் கடை அண்ணை வாசலுக்கு வந்து, பேணியில் என்ன என்று கேட்டார். தீர்த்தம் என்றேன். தனக்கும் கொஞ்சம் தரச் சொல்லிக் கையை நீட்டினார். உங்கள் தோஷத்துக்கு இது காணாது அண்ணை, வாளியோடு வாருங்கள் என்றேன்.

அப்போதுதான் பார்த்தேன், அவருடைய கடைக் கண்ணாடிக்கு முன்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். தொங்குகிற போன் உறைகளைப் பார்க்கிற மாதிரி நின்றார். அவரிடம் இருப்பது பொத்தான் போன், அதற்கு உறை போட்டு என்ன செய்வது. அவரை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறினேன்.

உப்புப் போட்டு மறுபடி இறங்கியபோது, கண்ணாடியைப் பார்த்தபடியே, அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டார். வாசலில் நின்று எறிந்து சமைக்கிறார் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, அதை இருமலாக மாற்றினார். அப்போதும் உப்புப் போதவில்லை. என் முழங்கால் இரண்டும் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தன. இந்த வீட்டில் பேச்சை நிறுத்தாத ஒரு உறுப்பு என் வாய் மட்டும்தான்.

மூன்றாம் முறை இறங்கி, சுவரில் சாய்ந்து, கரண்டியை வாயில் வைத்தேன். அப்பா பக்கத்தில் வந்தார்.

"உப்புக் காணுமோ?"

"இப்ப காணும்."

"கிழங்கு போட்டிட்டியோ?"

இன்னும் இல்லை என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"போடு. இப்ப போட்டால்தான் அவையள் வரேக்கை அவியும். பெரிசா வெட்டு."

வந்த புதிதில் அவரும் ரெஸ்டோரன்டுகளில் வேலை செய்தவர். மாட்டை எப்படி அவிப்பதென்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அது வெளி. வெளியை அவர் வீட்டில் சொன்னதில்லை. இதை நீங்கள்தான் சொன்னீர்கள் என்று அம்மாவிடம் சொல்லவா என்று கேட்டேன். வாயை மூடு என்றார். அந்த இடத்தில் எனக்கும் பகிடி விட அலுத்துவிட்டது. பேணியைக் கடை வாசலில் வைத்தேன்.

"அப்பா, அக்கா பையைக் கட்டி வாசல்லை வைச்சிருக்கிறாள். நீங்கள் மேசையிலை இல்லாட்டில் அவள் போயிடுவாள்."

"எனக்குப் பசியில்லை" என்றார் அப்பா. கண்ணாடியில் அவருடைய முகம் தெரிந்தது. நான் ஏறிப்போய்க் கிழங்கைப் போட்டேன். பெரிதாகத்தான் வெட்டினேன்.

கடைசி முறையாகக் கிழங்கு பதம் பார்க்க இறங்கியபோது அவர்கள் வந்துவிட்டார்கள். சொன்ன நேரத்துக்கு முன்பே வருவது ஹங்கேரி வழக்கமோ என்னவோ, எங்கள் ஆட்களுக்கு அப்படி ஒரு வியாதி இல்லை. பெடியன் ஒரு கையில் பூங்கொத்தும் மற்றக் கையில் கேக் பெட்டியுமாக வந்தான். அவனுக்குப் பின்னால் கட்டையான ஒரு மனுஷி, சிவப்பு மேலங்கி, கையில் பெரிய கட்டம் போட்ட பை. பை ஒரு பக்கமாக அவரை இழுத்துக்கொண்டிருந்தது. பெடியன் அப்பாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். நான் அவர்கள் நடுவில், வாயில் வெந்த கிழங்கோடு.

அப்பா அந்தப் பையைப் பார்த்தார். அவருக்கு வேறு எது தாங்கினாலும், வீட்டுக்கு வருகிற ஆள் சுமையோடு நிற்பது தாங்காது. எதிரி வந்தாலும் முதலில் பையை வாங்கிவிட்டுத்தான் மற்றக் கதை. விறுவிறென்று போய்ப் பையின் பிடியைப் பிடித்தார். அந்த அம்மா விடவில்லை. நரைத்த ஒரு மனுஷனிடம் பாரத்தைக் கொடுப்பது அவர்கள் பக்கத்தில் மரியாதையில்லைப் போல. அப்பா இழுத்தார். அவர் திருப்பி இழுத்தார். உள்ளே போத்தல்கள் முட்டிக்கொண்டன. போன் கடை அண்ணை, மரக்கறி வாங்க வந்த ஆட்கள், எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஒரு சொல் கிடையாது, இரண்டு பேரும் மூச்சு வாங்க இழுத்தார்கள். கடைசியில் ஒரு பிடி இவர் கையில், ஒரு பிடி அவர் கையில் என்று முடிவாகி, அந்த ஒடுங்கிய படிக்கட்டில் இரண்டு பேரும் பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டு நாலு மாடியும் ஏறினார்கள். ஒருவரும் மற்றவருக்கு முன்னால் இளைப்பாறச் சம்மதிக்கவில்லை. பின்னால் நானும் பெடியனும். என்ன நடக்கிறதென்று அவன் என்னை ரகசியமாகக் கேட்டான். எனக்குத் தெரிந்தால் நான் ஏன் பேணியோடு ரோட்டில் நின்றேன் என்றேன்.

கதவைத் திறந்த அம்மா, அப்பாவை அந்தக் கோலத்தில் கண்டதும் வணக்கம் சொல்ல மறந்துபோனார். அக்கா தான் கட்டிய பையைக் காலால் கதவுக்குப் பின்னால் தள்ளினாள்.

அப்பா மேசையில் இருந்தார். இருந்தார் என்பதோடு சரி. மேசை முழுக்கச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, சொதி, அப்பளம். கூலாஷ் சட்டி மட்டும் தனியாக ஒரு ஸ்டூலில், வகுப்புக்கு வெளியே நிறுத்திய பெடியன் மாதிரி இருந்தது. விருந்தாளிகள் இரண்டு பேரும் வீட்டுக்குள் சாப்பிடலாம், எங்களுக்குப் பருப்பு என்பது அம்மாவின் கடைசித் தீர்மானம். நாலு மாடி ஏறி இறங்கிய எனக்கும் பருப்பு.

அந்த அம்மா சட்டியின் மூடியைத் திறந்து மணந்தார். மகனிடம் ஏதோ சொன்னார். அவன் தயங்கி, அக்காவிடம் பிரெஞ்சில் சொன்னான். என்னவென்று நான் கேட்டேன். ஏதோ ஒரு இலை மணக்கிறதாம், ஆனால் பரவாயில்லையாம். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அப்பளத்தைப் பார்த்தார்.

பிறகுதான் அது நடந்தது. அவர்கள் ஊரில் மேசையில் மூத்த ஆம்பிளைக்குத்தான் முதல் பரிமாறுவார்களாம், இது பிறகு பெடியன் சொன்னது. அந்த அம்மா அகப்பையை நிறைய அள்ளினார், எட்டி, அப்பாவின் தட்டில், சோற்றுக்கும் பருப்புக்கும் மேல் ஊற்றினார். சிவப்புக் குழம்பு, நான் பெரிதாக வெட்டிய கிழங்கு, நாலைந்து துண்டு மாட்டிறைச்சி. ஊற்றிவிட்டு, சாப்பிடுங்கள் என்கிற மாதிரித் தலையாட்டினார்.

பெடியனின் காது சிவந்தது. அக்கா எழும்பப் பார்த்தாள். தட்டைத் தள்ளிவிட்டு எழும்புவதா, இருப்பதா என்று அப்பா யோசித்தது அவருடைய விரல்களில் தெரிந்தது. பிறகு அந்த விரல்கள் சோற்றுக்குள் போயின. இறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். கிழங்கு ஒன்றைப் பிரித்து, குழம்போடு சோற்றில் குழைத்து, வாயில் வைத்தார். மெதுவாக மென்றார்.

"கிழங்கு அவிஞ்சிருக்கு" என்றார், ஒருவரையும் பார்க்காமல்.

அம்மாவின் கை அப்பளத்தோடு பாதி வழியில் நின்றது. அந்த அம்மாவோ தட்டின் ஓரத்தில் ஒதுங்கியிருந்த இறைச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷனுக்குப் பல் சரியில்லை என்று நினைத்தாரோ, வீணாகப் போகிறதே என்று நினைத்தாரோ தெரியாது. முள்ளுக்கரண்டியை நீட்டி, அப்பாவின் தட்டிலிருந்து ஒரு துண்டைக் குத்தி எடுத்துத் தன் வாயில் போட்டார். பிறகு அடுத்தது. பிறகு மிச்சத்தையும். ஒரு வெட்கமும் இல்லாமல், மென்றுகொண்டே, சமையல் நன்றாக இருக்கிறதென்று எனக்குப் பெருவிரலைக் காட்டினார்.

அப்பாவின் தட்டில் கை வைக்கிற உரிமை இந்த உலகத்தில் அம்மா ஒருவருக்குத்தான் இருந்தது. நாங்கள்கூட அதில் ஒரு அப்பளத் துண்டு எடுத்ததில்லை. அப்பா தன் தட்டையும், அதற்குள் வந்துபோகிற முள்ளுக்கரண்டியையும் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடினார். முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியதில்தான் சிரிப்பென்று தெரிந்தது.

அப்பா தொண்டையைச் செருமினார். எனக்கு வேலை வந்துவிட்டதென்று நினைத்துக் கையிலிருந்த சோற்றை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

"பிள்ளை" என்றார் அக்காவைப் பார்த்து. "அவவைக் கேள், அவையின்ரை ஊரிலை எங்களுக்குச் சாப்பிட என்ன கிடைக்கும் எண்டு."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"என்ன பாக்கிறாய். கலியாணத்துக்கெண்டு போற சனம் அங்கை பட்டினி கிடக்கிறதோ? கேள்."

அவள் கேட்டாள். குரல் உடைந்து, பிரெஞ்சு பாதியும் தமிழ் பாதியுமாக வந்தது. பெடியனுக்குக் கேள்வி விளங்கியதோ, அதற்குப் பின்னால் இருந்தது விளங்கியதோ, அவனும் தாயிடம் தட்டுத்தடுமாறித்தான் சொன்னான். அந்த அம்மா முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். அப்பாவைப் பார்த்தார், அவருடைய தட்டைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கனநேரம் யோசித்தார். பிறகு ஒரு சொல் சொன்னார். அது மகனிடமிருந்து பிரெஞ்சாகி, அக்காவிடம் வந்து தமிழாகியது.

"உருளைக்கிழங்கு இருக்காம், அப்பா."

"காணும்" என்றார் அப்பா. இன்னும் இரண்டு கிழங்கு வைக்கச் சொல்லித் தட்டை அந்த அம்மாவின் பக்கம் நீட்டினார்.